பாட்டையாவைத் தேட எங்கே போவது? டிரங்குப் பெட்டியா, பத்திர ஆபீஸா, எழும்பூரா?

மலேசியாவில் சிரம்பானில் இருக்கும் அத்தை மகன் தை மாதம் பத்து நாள் லீவில் காரைக்குடிக்கு வருகிறான். "மச்சான், இந்தத் தடவை நம்ம பாட்டையா கதையை முழுசாத் தோண்டி எடுத்துடணும். எங்கேருந்து ஆரம்பிக்கலாம், சொல்லு" என்று வாட்ஸாப்பில் பேசி அனுப்பியிருந்தான். அவனே ஒரு பட்டியலும் வைத்திருக்கிறான். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம், எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்பும் டி.என்.ஏ. பரிசோதனை, பணம் கட்டினால் வம்சாவளி எடுத்துத் தரும் ஆட்கள், இரண்டு மூன்று இணையதளங்கள். ஊரில் இருக்கும் சின்ன அப்பத்தாவின் (எங்கள் தாத்தாவின் தங்கை) டிரங்குப் பெட்டி அந்தப் பட்டியலில் இல்லை.

இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளை இந்த வேலையில் தொலைத்தவன் நான். அதில் பாதி நாள் தப்பான இடத்தில் நின்றேன். அவனுக்கு எழுத உட்கார்ந்தது நீண்டுவிட்டது. இந்தப் பக்கத்தில் வேர் உள்ள மற்றவர்களுக்கும் உதவும் என்று பொதுவில் வைக்கிறேன்.

தேட ஆரம்பித்தபோது எங்கள் கையில் இருந்தது கொஞ்சம்தான். பாட்டையா, அதாவது எங்கள் ஐயாவின் (தாத்தாவின்) அப்பா, ரங்கூனில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் சமையலாளாக இருந்தார். யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது எல்லாரையும் போல அசாம் வழியாக நடந்து வந்தார். வழியிலேயே போய்விட்டார் என்பது எங்கள் வீட்டுக் கதை. இல்லை, ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பவும் எங்கோ கிளம்பிப் போனார் என்பது பங்காளி வீட்டுக் கதை. போட்டோ இல்லை. பிறந்த தேதி, இறந்த தேதி எதுவும் இல்லை. அவர் முதலாளியும் இல்லை, ஏஜென்டும் இல்லை. கடையில் முதலாளிக்குக் கீழே மேலாள் (ஏஜென்ட் என்பது இவரைத்தான்), அவருக்கு அடுத்தாள், அப்புறம் பெட்டியடிப் பையன், எல்லாருக்கும் கடைசியில் சமையலாள். இப்படி ஒரு ஆளைத் தேடுவதும், கானாடுகாத்தானில் பெரிய வீடு கட்டியவரைத் தேடுவதும் ஒன்றல்ல. எந்த வழியை எடுப்பது என்பதை இந்த வித்தியாசம்தான் முடிவு செய்கிறது.

முதலில் கோயில். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வீட்டுப் பிள்ளையாக இருந்தால் வேறு எங்கேயும் போகாமல் நேராக நகரக் கோயிலுக்குப் போகலாம். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்கள். ஒவ்வொரு நகரத்தார் குடும்பமும் இந்த ஒன்பதில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தது. கல்யாணம் என்றால் இரண்டு வீட்டுக் கோயிலிலிருந்தும் மாலை வரவேண்டும், மாலை வந்தால் அந்தத் தம்பதி ஒரு புள்ளி. கோயில் வரியும் புள்ளிக் கணக்கில்தான். சர்க்கார் கல்யாணப் பதிவெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே கல்யாணம் பதிவான விஷயம். இதோடு கல்யாண வீட்டிலேயே எழுதும் கல்யாண ஒப்பந்தம், இசைகுடிமானம், இருக்கிறது. இசைபிடிமானம் என்றும் சொல்வார்கள். முன்பு ஓலையில் எழுதியது. பழைய வீடுகளில் பரணில் கட்டாக இன்னும் கிடக்கும்.

பெயருக்கு முன்னால் வரும் முதலெழுத்துகளை இங்கே விலாசம் என்பார்கள். அதுவே ஒரு குட்டி வம்சாவளிதான். 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய சிதம்பரம் செட்டியாரின் எம்.சிடி.எம். என்பதைப் பிரித்தால் முத்தையா, சிதம்பரம், முத்தையா என்று மூன்று தலைமுறை வரும். தாத்தா பெயர் பேரனுக்கு என்ற வழக்கம் அதிலேயே தெரிகிறது. குழப்பமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரே ஊரில், ஒரே கோயிலில், ஒரே காலத்தில் நான்கு பழநியப்பன்கள் இருப்பார்கள். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் அடுத்த வீட்டுத் தாத்தாவைக் கொண்டுவந்து நம் வீட்டில் உட்கார வைத்துவிடுவோம். முழு விலாசத்தோடு போக வேண்டும். கோயில் கணக்கு பொதுமக்கள் வந்து புரட்டுகிற ஆபீஸும் இல்லை. பங்காளிகளில் ஒரு பெரியவரை முன்னால் விட்டுப் போனால்தான் ஏடு வெளியே வரும்.

எங்களுக்குப் புள்ளி கிடையாது. மற்ற சாதிக்காரர்களுக்கு ஊர்க் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு இருக்கிறது, திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்த கணக்கு. புள்ளி ஏடு மாதிரி தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றப்பட்டது அல்ல. அடுத்த பூசாரி, அடுத்த அம்பலகாரர் என்று கை மாறும்போதே பாதி தொலைந்துபோகும். எங்கள் ஊரில் கிடைத்ததிலேயே பழைய நோட்டு ஐயா காலத்தது, பாட்டையா அதில் இல்லை. குலதெய்வக் கோயிலில் சிவராத்திரிக்கு எல்லாப் பங்காளிகளும் கூடுவார்கள். அன்றைக்குப் போய் உட்கார்ந்தால் பத்து வீட்டுக் கதை ஒரே ராத்திரியில் கிடைக்கும். தை மாதம் வருகிறவனுக்கு அது கிடையாது. அவனால் லீவைத் தள்ளிப் போட முடியுமானால் நான் முதலில் சொல்வது அதைத்தான். (கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடும், முஸ்லிம் குடும்பம் என்றால் ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடும் இருக்கின்றன. அந்த வகையில் அவர்கள் எங்களைவிடக் கொடுத்து வைத்தவர்கள்.)

அடுத்தது வீடு. என்னைக் கேட்டால் முதல் இரண்டு நாளும் இங்கேதான். ஆனால் "அப்பத்தா, பாட்டையாவைப் பத்திச் சொல்லுங்க" என்று ஆரம்பிக்கக்கூடாது. நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். "என்னத்தச் சொல்றது, பாவம், வழியிலேயே போய்ட்டாக" என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. மொய் நோட்டை எடுத்து மடியில் வைத்து, "இந்த அஞ்சு ரூவா எழுதியிருக்காகளே, கல்லல்காரர், இவுக யாரு?" என்று கேட்டால்தான் பேச்சு வரும். எங்களிடம் இருக்கும் மூத்த மொய் நோட்டு என் பெரிய அத்தையின் காதுகுத்துக்கு எழுதியது. அதில் ஊர்ப் பெயரோடு ஆள் பெயர் இருக்கிறது. எந்த ஊரில் பெண் கொடுத்தார்கள், எந்த ஊரில் எடுத்தார்கள் என்று ஒரு வரைபடமே போட்டுவிடலாம். ஒரு குறை, மொய் ஆம்பளை பெயரில்தான் எழுதப்படும். புருஷனை இழந்தவர்கள் மட்டும்தான் சொந்தப் பெயரில் வருவார்கள். பாட்டையாவின் சம்சாரம், எங்கள் பூட்டி, எந்தக் காகிதத்திலும் பெயரோடு வரவில்லை. சின்ன அப்பத்தா வாய் வழியாகத்தான் அந்தப் பெயர் கிடைத்தது.

ஜாதகத்தை மறக்காதீர்கள். தேதி விஷயத்தில் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டைவிட நான் ஜாதகத்தைத்தான் நம்புவேன். ஆனால் தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்ப வரும். ஐயா "தாது வருஷத்துப் பிறப்பு" என்று எல்லாருக்கும் தெரியும். தாது வருஷம் என்றாலே இங்கே பஞ்சம்தான் ஞாபகம் வரும். அதனால் ஐயா பஞ்சத்தில் பிறந்து கஞ்சித்தொட்டியில் வளர்ந்தவர் என்று ஒரு கதை சுற்றிக்கொண்டிருந்தது. அந்தத் தாது 1876. ஐயா பிறந்த தாது 1936. அறுபது வருஷத்தைக் கதை விழுங்கிவிட்டது.

ஜாதகங்களை வரிசையாக வைத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஐயாவின் அக்காள் ஸ்ரீமுக வருஷம், 1933. ஐயா 1936. சின்ன அப்பத்தா விக்கிரம வருஷம், 1940. இடையிலே மூன்று, நான்கு வருஷம். கடைக்குப் போகிறவர்கள் மூன்று வருஷக் கணக்குக்குப் போய்த் திரும்பி, சில மாதம் ஊரில் இருந்துவிட்டு மறுபடி கப்பலேறுவார்கள். பாட்டையா எப்போது எப்போது ஊருக்கு வந்து போனார் என்பதை எந்த ஆபீஸும் எழுதி வைக்கவில்லை. பிள்ளைகளின் பிறந்த வருஷங்கள் எழுதி வைத்திருக்கின்றன.

பெட்டிக்கு அடியில் ஒரு பித்தளைத் தூக்கு இருந்தது. இந்தப் பக்கத்தில் ஏனத்தில் பெயர் வெட்டாமல் விடமாட்டார்கள். அதில் வெட்டியிருந்த எழுத்து எங்கள் வீட்டுப் பெயர் இல்லை, ஒரு விலாசம். பாட்டையா வேலை பார்த்த கடை அதுவாகத்தான் இருக்கும் என்று அதைப் பிடித்துக்கொண்டு அந்த முதலாளி வீட்டைத் தேடிப் போனேன். வீடு இருக்கிறது, பூட்டு இருக்கிறது, சாவி ஏழெட்டுப் பங்காளிகளுக்குப் பொது. பேரேடும் குறிப்பேடும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய் வருஷமாகிறது என்றார் காவல்காரர். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளிலும் போய்ப் பார்த்தேன். அடுக்கடுக்காகக் கணக்கு ஏடுகள் இருந்தன, நமக்கு வேண்டிய விலாசம் இல்லை. இருந்தால் பார்க்க வேண்டியது ஆள் பெயரில் எழுதிய பற்றுக் கணக்கு. சமையலாளின் வீட்டுக்குக் கொடுத்த முன்பணம்கூட அதில் ஏறியிருக்கும். அந்த ஏடுகளை வாசிக்கத் தமிழ் எண்களோடு சில குறிகளும் தெரிய வேண்டும். ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் பழகிவிடும்.

சரி, ஆபீஸ்கள். இங்கேதான் எனக்கு அதிகம் கிடைத்தது, அதிகம் வீணானதும் இங்கேதான்.

முதலில் ஊர் எந்தக் காலத்தில் எந்தச் சீமையில் இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். செட்டிநாடு என்று நாம் ஒரே மூச்சில் சொன்னாலும் சர்க்கார் காகிதத்தில் அது இரண்டு துண்டு. காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் எல்லாம் 1910க்கு முன்பு மதுரை ஜில்லா, பிறகு ராமநாதபுரம் ஜில்லா, 1985இலிருந்து இன்றைய சிவகங்கை மாவட்டம். அதுவும் முதலில் பசும்பொன் மாவட்டம் என்ற பெயரில். வலையபட்டி, ராங்கியம், ராயவரம், கோனாபட்டு, நச்சாந்துபட்டிப் பக்கம் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம். தொண்டைமான் ராஜாவின் சொந்த நிர்வாகம், சொந்தப் பதிவுகள். அப்புறம் திருச்சி ஜில்லா, 1974இல்தான் புதுக்கோட்டை மாவட்டம். எங்கள் ஊர் முதல் துண்டு, பூட்டி பிறந்த ஊர் இரண்டாம் துண்டு. பத்து கிலோமீட்டர்தான் தூரம். அவளுடைய அப்பா பெயரைத் தேடி நான் ஒரு நாள் முழுக்கத் தப்பான மாவட்டத்து ஆபீஸில் நின்றேன். அங்கே இருந்தவரும் "இல்லை" என்று சொன்னாரே தவிர, ஏன் இல்லை என்று சொல்லவில்லை.

பிறப்பு இறப்புப் பதிவேட்டில் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். இன்று நடைமுறையில் உள்ள சட்டம் 1969இல் வந்தது. அதற்கு முன்னால் கிராமத்தில் கர்ணமும் முன்சீபும் எழுதியதுதான். பரம்பரையாக வந்த அந்தப் பதவிகளை 1980இல் ஒழித்தபோது ஏட்டுக் கட்டுகள் கை மாறின, எல்லாம் பத்திரமாகக் கை மாறின என்று சொல்ல முடியாது. கிடைத்தாலும் "ஆண் குழந்தை" என்றுதான் இருக்கும், பெயர் இருக்காது. அப்பா பெயரையும் தேதியையும் வைத்து நாம்தான் ஊகிக்க வேண்டும்.

பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு பரவாயில்லை. அப்பா பெயர், தொழில், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கிடைக்கும். தேதியை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தலைக்கு மேலாகக் கையைப் போட்டுக் காதைத் தொடச் சொல்லிச் சேர்த்த காலம் அது. வயதுக்குத் தக்க ஒரு ஜூன் மாதத் தேதியை வாத்தியாரே போட்டுவிடுவார். எங்கள் ஐயாவுக்கும் ஜூன்தான், ஜாதகப்படி ஐப்பசி.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றி மச்சான் கேட்டிருந்தான். அவனுடைய ஆபீஸில் ஒரு இங்கிலாந்துக்காரர் தன் கொள்ளுப்பாட்டனை அதில்தான் கண்டுபிடித்தாராம். அங்கே நூறு வருஷம் கழிந்தால் வீட்டு வாரியான தாள்களைத் திறந்துவிடுகிறார்கள். நம் ஊரில் ஆள் பெயரோடு உள்ள தாள்கள் பார்வைக்குக் கிடையாது, தொகைகள்தான் அச்சில் வந்தன. அதை மறந்துவிடலாம்.

மிஞ்சுவது நிலம். ஏழை வீட்டுக்கும் இருபது செண்ட் நிலம் இருந்திருக்கும், அதை ஒருநாள் விற்றோ அடகு வைத்தோ இருப்பார்கள். கஷ்டம் வந்த இடத்தில்தான் காகிதம் உண்டாகும். சார்பதிவாளர் ஆபீஸில் ஒவ்வொரு கிரயப் பத்திரத்தின் நகலும் புத்தகத்தில் ஏறியிருக்கும். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவரின் அப்பா பெயர், ஊர், தொழில், பழைய பத்திரமானால் சாதி, எல்லாம் இருக்கும். எதற்காக விற்கிறார் என்றும் ஒரு வரி இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்துவிட்டால் வம்சாவளியே கையில் கிடைத்த மாதிரி. அண்ணன் தம்பி எல்லாரும் பெயரோடு வருவார்கள், இறந்துபோன அண்ணனின் மைனர் பிள்ளை உட்பட.

வில்லங்கச் சான்று இணையத்தில் பொதுவாக 1975 முதல் கிடைக்கிறது. அதற்கு முன்னால் போக வேண்டுமானால் ஆபீஸில் மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். சர்வே எண் கேட்பார்கள். இந்தப் பக்கம் சிவகங்கை ஜமீனில் இருந்த நிலம் என்பதால் பழைய பத்திரங்களில் பைமாஷ் எண், அதாவது அந்தக் காலத்து நில அளவை எண்தான் இருக்கும். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அளந்து செட்டில்மென்ட் செய்தபோது புது எண் வந்தது, எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். திட்டம் வந்தபோது பட்டா எண்களும் மாறின. இந்த மூன்றையும் கோத்துப் பார்க்காமல் இன்றைய எண்ணை வைத்து 1940க்குப் போக முடியாது. எண் தெரியாவிட்டாலும் ஒரு வழி உண்டு. நிலத்துக்கு ஒரு அட்டவணை இருப்பது போல ஆள் பெயருக்கும் தனி அட்டவணை பதிவுச் சட்டப்படியே இருக்கிறது. பெயரைச் சொல்லித் தேடச் சொல்லலாம். எந்த ஊர் எந்தச் சார்பதிவகத்தில் அப்போது இருந்தது என்பதை மட்டும் பத்திர எழுத்தர் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். ஆபீஸுக்கு எதிரே நாற்பது வருஷமாக உட்கார்ந்திருக்கும் எழுத்தர் ஒருவருக்கு வாங்கிக் கொடுத்த இரண்டு டீயில் எனக்குத் தெரிந்தது, அதற்கு முந்தின ஆறு மாதத்தில் தெரியவில்லை.

அப்படிக் கிடைத்ததுதான் பாட்டையாவின் பத்திர நகல். 1944, தாரண வருஷம் ஆவணி மாதம். நாற்பது செண்ட் நஞ்சை. எழுதிக் கொடுத்தவர் பாட்டையா. காரணம், கடன் நிவர்த்தி. கீழே, "இவர் இடது கைப் பெருவிரல் ரேகை" என்று எழுத்தர் எழுதியிருக்கிறார்.

ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. நகரம் ஜப்பானிடம் போனது 1942 மார்ச்சில். அசாம் வழியில் செத்துப்போனவர் 1944 ஆவணியில் கைநாட்டு வைக்க முடியாது.

நகலை எடுத்துக்கொண்டு சின்ன அப்பத்தாவிடம் போனேன். வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் வளையலைத் திருகிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "ஆமா, வந்தாக. ரெண்டு மாசம் இருந்தாக. காலெல்லாம் புண்ணு. வயலை வித்துக் கடனைக் கட்டிட்டுப் போனவுகதான்." இத்தனை வருஷம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. விட்டுவிட்டுப் போனார் என்பதைவிட வழியில் போய்விட்டார் என்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருந்த பூட்டிக்குச் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும்.

மனிதர்களைக் கேட்பதா, காகிதத்தைத் தேடுவதா என்று மச்சான் கேட்டதற்கு என் பதில் இதுதான். பெட்டியிலிருந்து ஒரு நுனியை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போக வேண்டும், ஆபீஸில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு திரும்பவும் அதே திண்ணைக்கு வரவேண்டும். இந்த இரண்டாவது நடையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

தூரத்து ஆவணங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. எழும்பூரில் இருப்பது சர்க்கார் தன் வேலைக்காக எழுதிய கோப்புகள், கம்பெனி காலத்திலிருந்து. ஜமீனோடு வழக்காடியவர், சத்திரம் கட்டியவர், பட்டம் வாங்கியவர் என்றால் அங்கே தடம் இருக்கலாம். செட்டில்மென்ட் காலத்து நிலப் பதிவேடு வேண்டுமென்றாலும் போகலாம். சமையலாளைத் தேடி அங்கே மூன்று நாளைச் செலவழிப்பது நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்குப் பொசியும் என்று காத்திருப்பதுதான். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் வேறு ரகம். கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்தது, அவர் காலத்துக்குப் பிறகு 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிச் சென்னையிலேயே வைத்தது. ஆள் பெயர் கிடைக்காவிட்டாலும், அந்தக் காலத்துச் செட்டிநாட்டை அச்சில் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. விமானம் ஏறும் நாளன்று ஒரு அரை நாள் போகலாம்.

பர்மா பயணக் காகிதம் கிடைக்குமா என்று பலரும் தேடுகிறார்கள். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையிலிருந்து ரங்கூன் போவது பம்பாய் போவது மாதிரிதான், பாஸ்போர்ட் கிடையாது. இல்லாத காகிதத்தைத் தேட வேண்டாம். யுத்தத்துக்குப் பிறகு கதை வேறு. அகதிகளாக வந்தவர்களின் உதவி மனு, நஷ்டஈடு, காணாமல் போனவர்கள் பற்றிய விசாரணை என்று டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் கோப்புகள் உண்டு. அவர்களின் அபிலேக் படல் என்ற தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். ஆங்கில எழுத்துக்கூட்டலை நான்கு விதமாகப் போட்டுப் பாருங்கள். செட்டியார் என்ற ஒரு சொல்லையே பர்மாவில் ஒரு மாதிரியும் சென்னையில் ஒரு மாதிரியும் எழுதினார்கள். 1964க்குப் பிறகு பர்மாவிலிருந்து வந்தவர்களில் பலர் காரைக்குடி பர்மா காலனியில் இருக்கிறார்கள். ரங்கூன் முகல் தெருவில் கடைகள் எப்படி வரிசையாக இருந்தன என்று அங்கே ஒரு பெரியவர் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினார். எந்தக் காப்பகத்திலும் எனக்கு அது கிடைத்திருக்காது.

மலாயா, சிங்கப்பூர் போனவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. ஏஜென்ட் மாறினால் கொடுத்த அறிவிப்பு, வழக்கு, கடை மூடியது என்று விலாசத்தைப் போட்டால் வரும். மறுபடியும் ஏஜென்ட் வரைக்கும்தான். சமையலாள் மாறியதை யார் விளம்பரம் செய்வார்கள்? மச்சானின் அப்பா வழித் தாத்தா கடைவீதியில் மேலாளாக இருந்தவர். அவரைத் தேட அவன் இங்கே வரவே வேண்டாம், சிரம்பானில் இருந்தபடியே ராத்திரி ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

டி.என்.ஏ. பற்றி ஒரே வார்த்தை, வேண்டாம். பெயரையோ ஊரையோ அது சொல்லாது. ஏற்கெனவே எச்சில் கொடுத்தவர்களோடுதான் ஒப்பிடும், நம் பங்காளிகளில் ஒருவர்கூடக் கொடுத்திருக்க மாட்டார். அதோடு செட்டிநாட்டில் பிள்ளை கூட்டுவது, அதாவது சுவீகாரம், சாதாரண விஷயம். கூட்டிவந்த பிள்ளை அந்த வீட்டுக்கும் அந்தக் கோயிலுக்கும் முழுப் பிள்ளை. ரத்தம் ஒரு கதை சொல்லும், புள்ளி ஏடு ஒரு கதை சொல்லும். வீட்டில் சண்டை மூட்ட ஆசை இருந்தால் குப்பியை வாங்கலாம்.

பணம் கொடுத்துத் தேடச் சொல்வது? சார்பதிவகத்தில் வரிசையில் நிற்க, மனுப் போட, நகல் வாங்க ஒரு ஆள் வைத்துக்கொள்வதில் தப்பில்லை, பத்து நாளில் அதற்கெல்லாம் அவனுக்கு நேரம் போதாது. வம்சாவளி முழுவதும் எழுதித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதே. எங்கள் பங்காளி ஒருவருக்கு அப்படி ஒருவர் எழுதிக் கொடுத்த சுருளில் நாங்கள் சேர சோழ காலம் வரை போகிறோம். ஐயாவின் அக்காள் பெயர் மட்டும் விட்டுப்போய்விட்டது.

ஆகவே மச்சான், கணக்கு இப்படி. நீ வருவதற்கு ஒரு மாதம் முன்பே பெயர் அட்டவணைத் தேடலுக்கு நான் மனுப் போட்டு வைக்கிறேன், அது நீ வந்து போட்டால் முடியாது. வந்த முதல் இரண்டு நாள் சின்ன அப்பத்தா வீடு, மொய் நோட்டோடு. உன் போனில் குரல் பதிவு ஓடட்டும், கேமராவைக் காட்டினால் சேலையைச் சரிசெய்துகொண்டு ஊமையாகிவிடுவார். ஒரு நாள் பூட்டி ஊர், புதுக்கோட்டைப் பக்கம். ஒரு நாள் பள்ளிக்கூடம், காலையில் பிரேயர் முடிந்த கையோடு தலைமையாசிரியரைப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் சார்பதிவகம். ஒரு நாள் பர்மா காலனி. மிச்சத்தில் உனக்குச் சாப்பாடு, தூக்கம், பிள்ளையார்பட்டி. எழும்பூருக்கு அடுத்த வருஷம்.

இன்னொன்று. என் கையில் இருப்பது நகல், அதில் எழுத்தரின் கையெழுத்துதான் இருக்கிறது. அசல் பத்திரம் வயலை வாங்கியவர் வீட்டுக்குப் போயிருக்கும். பாட்டையாவின் ரேகை மையோடு அதில்தான் இருக்கும். வாங்கியவருடைய பேரன் மூன்றாவது தெருவில் இருக்கிறார். வரப்புத் தகராறில் எங்கள் அப்பா காலத்திலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. நான் போனால் திண்ணையோடு சரி. நீ மலேசியாவிலிருந்து வந்த பிள்ளை, உன்னை உட்கார வைத்துக் காபி கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள். நீ முன்னால் போ, நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நிற்கிறேன்.